மணத்திற்குச் சாட்சி யார்?

மணம் எவ்விடத்தில் நிறைவேறுகின்றது? மணமேடையிலா, பதிவாளர் மேசையிலா? சொற்போருக்கு இனிய பொருள் என்று கருதி இவ்வினாவை எழுப்பவில்லை. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களிலும், தோட்டங்கள் மறைந்தபின் ஈப்போவைச் சூழ எழுந்துள்ள அடுக்குமாடி வீடுகளிலும் வாழும் நம்மவருள், இதற்கு விடை தெரியாமல் அல்லற்படும் பெண்கள் இருவகையினர் உளர். அவ்விரு வகையினரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தாலன்றி இப்பொருளின் முழு உருவம் புலப்படாது.

முதற் பெண்ணுக்குப் பதிவிலாகாவில் மணம் பதிவாகிவிட்டது. அதிகாரி முன்னிலையில் இருவரும் கையெழுத்திட்டனர். சாட்சிகள் இருவர் ஒப்பமிட்டனர். தாலி கட்டும் முகூர்த்தமோ எட்டுத் திங்களுக்குப் பிறகு. மண்டபம் கிடைக்கவேண்டும், சிங்கப்பூரிலிருந்து தாய்மாமன் வரவேண்டும், சீட்டுப்பணம் விழவேண்டும். இவை யாவும் கூடிவரும்வரை அவள் தாய்வீட்டிலேயே இருக்கின்றாள். இடையில் இரு வீட்டாருக்கும் மனக்கசப்பு நேருகின்றது. "தாலி ஏறவில்லையே! பரிசந்தானே முறிந்தது!" என்று உறவினர் தேற்றுகின்றனர், வேறிடத்தில் வரன் பார்க்கவும் தொடங்குகின்றனர். சட்டத்தின் கண்ணிலோ அவள் ஒருவனுடைய மனைவி. மணநாளினின்று இரண்டு ஆண்டுகள் கழியுமுன், பொறுத்தற்கரிய துன்பம் உண்டென்று மன்றத்துக்குக் காட்டினாலன்றி, விவாகரத்து மனுக் கொடுத்தலும் இயலாது. மணம் செல்லாதென அறிவிக்கக் கோரும் வழி ஒன்று உண்டெனினும், அதற்கும் வழக்குமன்றப் படிகளை ஏறியே ஆகவேண்டும். கன்னி என்று ஊர் கூறும் பெண், விவாகரத்துக்காக வழக்கறிஞரைத் தேடி நடக்கின்றாள்.

இரண்டாம் பெண்ணின் நிலை இதற்கு நேர்மாறானது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில், லயத்து மக்கள் அனைவரும் பார்த்து நிற்க, அவள் கழுத்தில் தாலி ஏறியது. இருபதாண்டு ஒருவனோடு வாழ்ந்தாள், மக்களைப் பெற்றாள், அவன் நோயுற்றபோது பணி செய்தாள், அவன் இறந்தபோது தாலியைக் கழற்றினாள். ஊரார் ஒருவரேனும் அவள் மனைவி என்பதை ஐயுற்றதில்லை. கணவன் பேரில் சேர்ந்த சொக்சோ உதவித்தொகைக்கு மனு எழுதும் நாளில், மேசைக்கு அப்பாலிருந்து ஒரே ஒரு கேள்வி வருகின்றது: "மணச் சான்றிதழ் எங்கே?" அதுவரை மனைவியாயிருந்தவள் அக்கணத்தில் யாராகின்றாள்?

ஒருத்திக்கு ஏடு உண்டு, தாலி இல்லை. மற்றொருத்திக்குத் தாலி உண்டு, ஏடு இல்லை. ஊரும் சட்டமும் இவ்விருவரையும் ஒருவருக்கொருவர் தலைமாற்றிப் பெயரிடுகின்றன. எது உண்மை என்று கேட்பதற்குமுன், இவ்விரண்டு சாட்சிகளும் நம்மிடை எவ்வாறு வந்து சேர்ந்தன என்று பார்த்தல் நலம்.

1982ஆம் ஆண்டுக்கு முன்னர் மலாயாத் தமிழரின் மணம் பெரும்பாலும் வழக்கத்தின் பாற்பட்டதாகவே இருந்தது. 1952ஆம் ஆண்டிலேயே பதிவு மணச் சட்டம் ஒன்று பிறந்ததெனினும், விரும்பியவர் மட்டுமே அதனை நாடலாம். ஏனையோரை அது வற்புறுத்தவில்லை. வழக்கத்தின் வழி நின்ற ஆண்மகன் ஒருவன், இரண்டாவது மனைவியையும் கொள்ளலாம். அவனைத் தடுக்கும் சட்டமில்லை. கைவிடப்பட்ட மூத்தாள் கங்காணியிடம் முறையிடுவாள். கங்காணியோ பஞ்சாயத்துக் கூட்டி, பத்து வெள்ளி தண்டம் விதித்து, இருவரையும் ஒரே லயத்தில் வெவ்வேறு கதவுகளுக்குள் அடைத்துவிட்டு, நீதி செய்ததாகக் கருதிக்கொள்வான். இம்முறையைப் பழம்பெருமை என்று இன்று போற்றுவார் இருப்பின், அம்மூத்தாளின் இடத்தில் தம் மகளை வைத்துப் பார்ப்பாராக.

முஸ்லிம் அல்லாதாருடைய மண, மணமுறிவுச் சட்டங்களை ஆராய 1970இல் அரச விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1976இல் நிறைவேறியதே மண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச்சு முதல் நாளில். ஒருவனுக்கு ஒருத்தி என்பதை அது விதியாக்கியது. மண வயதைப் பொதுவாகப் பதினெட்டு என நிறுத்தியது. மணங்கள் யாவும் பதிவாகவேண்டும் என்றது. சீர்திருத்தக்காரர் மேடைதோறும் கேட்டுக்கொண்டிருந்தவை இவையே அல்லவா? இச்சட்டத்தை நாம் குறைகூறப் புகவில்லை. அதன் வயிற்றுக்குள் ஒரு விந்தை இருப்பதையே சுட்ட விரும்புகின்றோம்.

ஒருபக்கம், அச்சட்டத்தின் 5ஆம் விதி, இனிமேல் இச்சட்டம் வகுத்த முறையாலன்றி எந்தச் சமயத்தின் பெயராலும் வழக்கத்தின் பெயராலும் மணம் நடத்தலாகாது என்கின்றது. மறுபக்கம், 34ஆம் விதி, பதிவான காரணத்தால் மட்டும் செல்லாத மணம் செல்லுபடியாகாது; பதிவாகாத காரணத்தால் மட்டும் செல்லும் மணம் செல்லாமற் போகாது என்னும் கருத்துப்பட நிற்கின்றது. இவ்விரண்டையும் பொருத்திப் பொருள் காண்பதில் நீதிமன்றங்களும் எக்காலத்தும் ஒரே முகமாகப் பேசியதில்லை. சட்டம் இயற்றியோர் சோர்ந்துவிட்டனர் என்று நகைப்பது எளிது. எமக்கோ அவ்விடத்தில் ஓர் உண்மை ஒளிந்திருப்பதாகத் தோன்றுகின்றது. ஏடு மணத்தைப் படைப்பதில்லை. நடந்த மணத்துக்குச் சாட்சி சொல்லுகின்றது. மணம் வேறு, சாட்சி வேறு என்று சட்டமே உணர்ந்திருக்கின்றது. மேசையில் அமர்ந்திருப்பவர் அதை உணர்வதில்லை என்பதே குறை.

இவ்வேறுபாடு மேனாட்டிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று எண்ணவேண்டா. மக்களிடையே வஞ்சனையும் தவறும் தலைகாட்டிய பிற்பாடுதான் பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்பது தொல்காப்பியர் கற்பியலில் தரும் செய்தி. இதனை நாம் ஊன்றிப் படிப்பதில்லை. சடங்கு தெய்வத்துக்காக ஏற்பட்டது என்று அவர் கூறவில்லை; நாள், கோள், நெருப்பு ஆகியவற்றின் ஆணை என்றும் கூறவில்லை. சொன்ன சொல்லை மறுப்பவன் தோன்றினான். அவனைக் கட்டுதற்கு ஒரு முறை தேவையாயிற்று. பலர் அறிய மணத்தல் என்பதன் நோக்கமே பின்னால் ஒருவன் 'அறியேன்' என்று சொல்லாதிருத்தற்கு. அங்ஙனமாயின், தாலியும் அக்காலத்துப் பதிவேடே.

குறுந்தொகையில் கபிலர் பாடிய தலைவி ஒருத்தி இதன் அருமையை நன்கு அறிந்தவள். தன்னைக் கூடிய நாளில் அவனன்றி வேறு எவருமில்லை. இருந்தது ஒரு நாரை, அதுவும் ஆரல் மீனையே நோக்கி நின்றது. அவன் பொய் சொன்னால் யான் என்ன செய்வேன் என்று அவள் கலங்குகின்றாள். அகநானூற்றின் 256ஆம் பாட்டிலோ வேறு காட்சி. கள்ளூரில் ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்தவன் அவளை அறியேன் என்று சூளுரைக்க, அவையத்தார் சாட்சிகளைக் கேட்டு உண்மை கண்டு, அவனை மரக்கிளையிற் பிணித்து, தலையில் நீற்றைச் சொரிந்தனர். நாரை சாட்சியாக நின்ற பெண்ணுக்கும் ஊர் சாட்சியாக நின்ற பெண்ணுக்கும் இடையிலுள்ள தொலைவுதான் நாம் பேசும் பொருள்.

நிற்க. தோட்டத்தில் ஊர் எது? லயந்தான் ஊர். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது யார் யாருடைய மனைவி என்பது நூறு பேருக்கும் தெரியும். ஆயாக் கொட்டகையில் தொட்டில் ஆட்டுபவளுக்கு எந்தக் குழந்தைக்கு எவன் தகப்பன் என்பது தெரியும். கோயிலில் முதல் மரியாதைக்குச் சண்டையிட்டவரும், கலியாணப் பந்தலுக்குத் தென்னங்கீற்று முடைந்தவரும், கள்ளுக்கடையில் அதைப்பற்றிக் கதைத்தவரும் ஆகிய யாவரும் சாட்சிகள். அந்நிலையில் காகிதம் எதற்கு? தோட்டத்து மக்கள் பதிவைப் புறக்கணித்தது அறியாமையினால் மட்டுமன்று. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. கண்கண்ட சாட்சி பக்கத்துக் கதவில் இருந்தது.

அப் பக்கத்துக் கதவு நிலைத்திருக்கவில்லை. 1950களில் ஐரோப்பிய உடைமையாளர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆராய்ந்து எழுதினார். அக்கேட்டைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டார். 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில், குடியுரிமை பெறாதார் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்னும் சட்டத்தால், பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இடிந்தன. பந்தலுக்குக் கீற்று முடைந்தவன் கிள்ளானில், ஆயா செராசில், கங்காணியின் மகன் எங்கென்று ஒருவருக்கும் தெரியாது. நிலம் போயிற்று, கூலி போயிற்று என்றெல்லாம் எழுதினர், யாமும் படித்தோம். சாட்சியும் போயிற்று என்பதை எழுதுவார் அருகினர். லயம் இடிந்த நாளில், அதில் குடியிருந்த பெண்களின் மணங்களுக்கு இருந்த ஒரே ஆவணமும் இடிந்து விழுந்தது.

ஏடு எழுதும் கையைப் பற்றியும் ஒரு சொல். கிராணித் தொழில் செய்வோர்க்கு இது தெரிந்த கதை. பழைய செக்ரோல் புத்தகங்களில் ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் வாழ்கின்றான்: முத்தையா, முத்தய்யா, முட்டையா. தகப்பன் அடையாளக் கார்டில் ஒரு விதம். மகன் பிறப்புப் பத்திரத்தில் வேறு விதம். மணப் பதிவில் மூன்றாம் விதம். 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பவற்றுக்கு இடப்படும் இரண்டெழுத்துக் குறி மாறிப்போய், மகள் மகனாகிவிட்ட பத்திரங்களும் உண்டு. எழுதியவனுக்கு அது அரை நொடி வேலை. எழுதப்பட்டவனுக்கு அரை ஆயுள் அலைச்சல். எழுத்தறியாதான் தன் பெயரைச் சொல்லும்போது, எதிரிலிருப்பவன் காது கொடுத்துக் கேட்டான் என்று நம்பியே சொல்லுகின்றான். ஏட்டைப் போற்றும் நாம் இதனையும் மறத்தலாகாது: ஏடு தானாக எழுதிக்கொள்வதில்லை.

அரசு தன் ஏட்டில் காணாத மணத்தை மறுத்தால் என்ன விளையும் என்பதைத் தமிழர் கடல் கடந்த மற்றொரு நாட்டில் கண்டிருக்கின்றனர். தென்னாப்பிரிக்காவில், 1913 மார்ச்சு 14ஆம் நாள், நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பளித்தார். கிறிஸ்துவ முறைப்படி நடந்து பதிவான மணமல்லாதது அந்நாட்டுச் சட்டத்தின்முன் மணமாகாது என்பதே அதன் பயன். ஒரே நாளில் ஆயிரமாயிரம் இந்தியப் பெண்கள் மனைவி என்னும் பெயரை இழந்தனர். வரிக்கும் நடமாட்டத் தடைக்கும் பொறுத்திருந்த பெண்கள் இதற்குப் பொறுக்கவில்லை. தமிழ்ப் பெண்கள் டிரான்சுவாலிலிருந்து எல்லை கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினர், சிறை புகுந்தனர். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை வெளிவந்த சில நாட்களில், 1914 பெப்ருவரி 22இல், உயிர் நீத்தாள். அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்து அம்மணங்களை ஏற்றது. அப்பெண்கள் கேட்டது சலுகையன்று. நடந்த ஒன்று நடந்தது என்று ஒப்புக்கொள்ளும்படி கேட்டனர்.

தாயகத்தில் இதே நோய் மறுமுகம் காட்டியது. அங்கே ஏட்டுக்குப் பதில் சடங்கு அரசு செலுத்தியது. பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து ஈப்போவிலும் பேசினார்; புரோகிதர் இல்லாத திருமணம் என்னும் எண்ணம் அக்காலந்தொட்டே இங்கும் வேர்கொண்டது. ஆனால் 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், அத்தகைய சுயமரியாதைத் திருமணம் சாத்திரச் சடங்கும் தொன்றுதொட்ட வழக்கமும் இன்மையால் செல்லாது என்றது. நண்பரும் உறவினரும் கண்ணாரக் கண்ட மணம், வேள்வித்தீ காணாத குற்றத்தால் இல்லையென்றாயிற்று! அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் சட்டம் கொணர்ந்தார். அது 1968இல் நடைமுறைக்கு வந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில், தமக்குத் தெரிந்த மொழியில் உறுதி கூறி, மாலையோ மோதிரமோ மாற்றினால், அன்றித் தாலி கட்டினால், மணம் முடிந்தது என்பது அதன் சாரம். இனி நடப்பவற்றுக்கு மட்டுமன்றி முன்பு நடந்தவற்றுக்கும் அது பொருந்தும் என்றனர். இதுவே அச்சட்டத்தின் சிறப்பு என்போம். காலங்கடந்தேனும் ஓர் அரசு பின்னோக்கித் திரும்பி, 'உங்கள் சொல்லை நம்புகின்றோம்' என்றது.

இனி, ஆராய்ச்சியாளரிடம் வருவோம். ஊரும் ஏடும் தவிர நம் குடும்பங்களுக்கு மூன்றாவது சாட்சி ஒருவர் உளர். அவரை நாம் நினைப்பதேயில்லை. 1960களின் தொடக்கத்தில் ரவீந்திர ஜெயின் என்னும் மானிடவியலார் மலாயா ரப்பர்த் தோட்டம் ஒன்றில் தங்கி, தமிழ்த் தொழிலாளரின் உறவுமுறை, மணம், வேலை, அதிகாரம் ஆகியவற்றை ஆராய்ந்து 1970இல் நூலாக்கினார். தோட்டத்தின் மெய்ப்பெயரை மறைத்துப் புனைபெயர் இட்டார். அதன்பின் 1976, 1977ஆம் ஆண்டுகளில் ராண்டு என்னும் அமெரிக்க ஆராய்ச்சிக் கழகம் மலேசியக் குடும்ப வாழ்க்கை அளவாய்வு ஒன்றை நடத்தியது. 1,262 குடும்பங்களில், மணமான பெண்களிடம் அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றையே கேட்டனர். எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை தங்கின, எத்தனை திங்கள் பாலூட்டினாய், வீட்டில் குழாய்நீர் உண்டா, கக்கூசு உண்டா என்றெல்லாம் வினவினர். ஆய்வுக்குரிய 52 வட்டாரங்களில் 49 பொதுமுறையால் தெரிந்தெடுக்கப்பட்டன. எஞ்சிய மூன்று, இந்தியக் குடும்பங்களும் மீனவக் குடும்பங்களும் கணக்கில் குறைந்துவிடலாகாதென்று வேண்டுமென்றே சேர்க்கப்பட்டன.

அப்பெண்களுட் பலர் ஒரு குறிப்பும் வைத்திருந்தவரல்லர். பிள்ளை பிறந்த நாளைத் தீபாவளிக்கு முன், தைப்பூசத்துக்குப் பின் என்று கணக்கிட்டுச் சொல்லியிருப்பர். ஆயினும் அறிஞர் அவர்கள் சொல்லை நம்பினர். நம்பியதால் விளைந்ததைக் கேளுங்கள். 1988இல் மூன்று அறிஞர்கள் அவ்விடைகளைக் கொண்டு 'தாய்ப்பாலும் சாக்கடையும்' என்னும் பொருள்படத் தலைப்பிட்ட ஆராய்ச்சி ஒன்றைக் குழந்தை மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். கழிப்பறை வசதியில்லாத வீடுகளிலேதான் தாய்ப்பால் குழந்தையின் உயிரை மிகுதியாகக் காக்கின்றது என்றும், தாய்ப்பால் பெறாத குழந்தைக்குச் சுகாதார வசதி இன்மை பெருங்கேடாகின்றது என்றும் அது காட்டியது. அதாவது, புட்டிப்பால் விற்போர் விளம்பரம் வறிய வீட்டிற்குள் நுழைந்தால் அது உயிர்க்கொலைக்கு ஒப்பாகும் என்பதை, மலேசியத் தாய்மாரின் நினைவே உலகுக்குச் சொல்லிற்று.

எம் வியப்பு இதுதான். ஆயிரம் பெண்கள் நினைவிலிருந்து சொன்னது விஞ்ஞானமாகின்றது. அவர்களுள் ஒருத்தி அதே நினைவோடு அரசாங்க மேசைமுன் வந்து, "இவர் என் கணவர், இன்ன கோயிலில், இன்னார் முன்னிலையில் தாலி கட்டினார்" என்றால், அது சான்றாகாமற் போகின்றது. ஏன்? உடனே ஒரு விடை வரும்: ஆராய்ச்சியில் பொய் சொல்லுவதால் எவருக்கும் ஆதாயமில்லை, மேசைமுன் பணமும் நிலமும் குடியுரிமையும் இருக்கின்றன, ஆகவே பொய் புகும். இவ்விடையை அலட்சியம் செய்யவேண்டா. தொல்காப்பியர் சொன்னதும் ஏறக்குறைய அதுவேயன்றோ! எனினும் அதனோடு அமைந்துவிடவும் கூடாது. பொய் புகும் இடத்தில் செய்யத்தக்கது விசாரணை. காதைப் பொத்திக்கொள்ளுதல் விசாரணையாகாது. கள்ளூர் அவையத்தார் சாட்சிகளைக் கேட்டார்கள். சான்றிதழ் கேட்டு அவளைத் திருப்பி அனுப்பவில்லை.

சட்டமும் அவ்வழியை அடைத்துவிடவில்லை. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 50ஆம் விதியில், இருவர் மணந்தவரா என்னும் வினா எழுமிடத்து, நண்பர்கள் அவர்களைக் கணவன் மனைவியாகவே வரவேற்று நடத்தி வந்தனர் என்பது ஏற்கத்தக்க செய்தி என்று எடுத்துக்காட்டே தரப்பட்டுள்ளது. மணமுறிவு வழக்குக்கும் இருதார வழக்குக்கும் மட்டும் அது தனியே போதாது. 1976ஆம் ஆண்டுச் சட்டமோ, 1982 மார்ச்சுக்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த மணங்களைப் பதிவானவையாகவே கருதவேண்டும் என்கின்றது. அது மட்டுமா? செல்லாத மணத்தில் பிறந்த குழந்தையாயினும், மணக்கும் வேளையில் பெற்றோர் இருவரோ ஒருவரோ அம்மணம் செல்லும் என்று நியாயமாக நம்பியிருந்தால், அக்குழந்தையை முறைப்படி பிறந்ததாகவே கொள்ளவேண்டும் என்றும் ஒரு விதி வகுத்திருக்கின்றது. சட்டநூலில் இத்துணைக் கருணை இருக்க, அக்கருணை தோட்டத்துப் பெண்ணின் கைக்கு வந்து சேருவதற்குள் வழியில் எங்கோ ஆவியாகிவிடுகின்றது. வழக்கறிஞர் கட்டணம் என்பது அவ்வழியிலுள்ள வெயில்.

குழந்தை என்றதும் நெஞ்சு நடுங்கும் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. மலேசிய அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பகுதி, 17ஆம் விதி, முறையற்றுப் பிறந்த குழந்தையைப் பொறுத்தமட்டில் 'தந்தை' என வருமிடத்தெல்லாம் 'தாய்' என்று கொள்ளவேண்டும் என்பது. தாய் குடிமகளாயின் இடரில்லை. தாய் வெளிநாட்டவளாகவோ, பத்திரம் ஏதுமில்லாதவளாகவோ இருந்துவிட்டால், தந்தை பேராக்கிலே பிறந்து பேராக்கிலே பால்வெட்டியவனாயினும், அக்குழந்தைக்குத் தந்தைவழிக் குடியுரிமை எட்டாது. இவ்விதியால் பள்ளி வாசலிலும் மருத்துவமனை வாசலிலும் அலைக்கழிந்த பிள்ளைகள் பலர். 2021இல் இத்தகைய வழக்கொன்று கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று, நால்வர்க்கு மூவர் என்னும் கணக்கில் குழந்தைக்கு எதிராக முடிந்தது. பெற்றோர் தம் மணத்தைப் பதியத் தாழ்த்தியது ஒரு குற்றமாயின், தண்டனையை அடைந்தவர் அதனைச் செய்தவரல்லர். பிறவாத குழந்தை பதிவிலாகாவுக்கு நடந்து செல்லுமா?

பதிவு ஒன்றே சர்வரோக நிவாரணி என்று நாம் கூறுவதாக எண்ணுவோர்க்கு ஈப்போவிலேயே விடை இருக்கின்றது. இந்திரா காந்தி என்னும் பாலர்பள்ளி ஆசிரியையின் மணம் 1993இல் சட்டப்படி பதிவானதே. 2009இல் கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாயறியாமல் மதம் மாற்றிப் பதிந்தார். பதினொரு திங்கள் நிரம்பிய இளையவளைக் கொண்டு சென்றுவிட்டார். ஈப்போ உயர்நீதிமன்றம் 2013இல் அம்மாற்றுச் சான்றிதழ்களைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு மன்றம் 2015இல் அதனைப் புரட்டியது. 2018 சனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஐவரும் ஒருமுகமாகத் தாயின் பக்கம் நின்றனர். அரசியலமைப்பில் பெற்றோர் எனப் பொருள்படும் ஒரு சொல் ஒருவரைக் குறிக்குமா, இருவரையும் குறிக்குமா என்பதே வழக்கின் முடிச்சு. இருவரும் உள்ளவிடத்து இருவரும் இசையவேண்டும் என்றது தீர்ப்பு. தீர்ப்புக்குப் பின்னும் ஆண்டுகள் பல அத்தாய் தன் இளைய மகளின் முகம் காணவில்லை. மணப்பத்திரமும் தீர்ப்புப் பத்திரமும் அவர் கையில் இருந்தன. சாட்சி இருந்தால் போதாது. சாட்சியை மதித்து நடத்துவார் வேண்டும்.

இவ்வளவும் அறிந்தபின்னும், பதிவைத் தள்ளிப்போடுதல் தகாது என்பதே எம் கருத்து. ஊர் சாட்சியாயிருந்த காலம் போய்விட்டது. அடுக்குமாடியின் பதினாறாம் மாடியில், எதிர்வீட்டான் பெயரும் அறியாது வாழ்வோர்க்கு ஏட்டைவிட்டால் வேறு ஊர் இல்லை. தாலி கட்டும் நாளிலேயே பதிவும் நடக்கவேண்டும். பதிவு மணப் பத்திரத்தைக் கண்ணாற் காணாமல் எந்தக் கோயிலும் தாலி எடுத்துக்கொடுத்தலாகாது. பதிந்துவிட்டு எட்டுத் திங்கள் முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் வழக்கமும் ஒழியவேண்டும். கோயில்களிலேயே துணைப் பதிவாளர் இருக்க இச்சட்டம் இடந்தருகின்றது. அவ்வகைக் கோயில்கள் இருக்கவும் செய்கின்றன. மண்டபத்துக்கும் மேளத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்க மூன்று முறை நடப்பவர், பதிவுக்கு ஒருமுறை நடக்க நேரமில்லை என்பது நம்பத்தக்கதன்று. பதிந்தால் பின்னால் விட்டுவிட முடியாதே என்று மனத்துள் கணக்கிடும் மாப்பிள்ளைகளும் உளர். அவர்களைப் பெண்வீட்டார் அடையாளங் கண்டுகொள்ள இதைவிட எளிய வழி வேறில்லை.

முன்னரே மணந்து, ஏடில்லாமல் முதுமை எய்திய பெண்களுக்குச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குக் காலம் மிகக் குறுகியது. 1970களில் தோட்டத்துப் பந்தல்களில் பந்திக்கு இலை போட்ட இளைஞர் இன்று எழுபதைக் கடந்தவர். அவர்களுள் ஒருவர் மறையுந்தோறும், எத்தனையோ மணங்களுக்குரிய கடைசிக் கண்ணும் மூடுகின்றது. 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, பிரமாண ஆணையர் முன்னிலையில், இன்ன ஆண்டு, இன்ன கோயிலில், இன்னார் இன்னாரை மணந்ததை நேரிற் கண்டேன் என்று அம்முதியவர் எழுதிக் கையொப்பமிடலாம், கைநாட்டும் இடலாம். அது மணச் சான்றிதழுக்கு நிகராகாது. ஆயினும் அலுவலகத்திலும் மன்றத்திலும் கொண்டு வைக்கத்தக்க எழுத்து அது. பிரமாண ஆணையர் ஈப்போவிலும் உளர், தைப்பிங்கிலும் உளர், தெலுக் இந்தானிலும் உளர், கட்டணமும் சிறிதே. கோயில் கமிட்டியார் திருவிழா வரவுசெலவுக்கு இருக்கும் நோட்டுப் புத்தகத்தைப்போல் இதற்கும் ஒன்று வைத்து, பழைய தோட்டத்தார் கூடும் ஆண்டுத் திருவிழாவில், ஒரு மேசையும் எழுதத் தெரிந்த ஒருவரையும் கோயில் வாசலில் அமர்த்தலாம்.

பதிந்தும் தாலி ஏறாத அந்த முதற் பெண்ணுக்கு இந்நோட்டுப் புத்தகம் உதவாது. அவளுக்கு எதிரே நிற்பது சட்டம். பின்னே நிற்பது சட்டத்தை ஒரு விளையாட்டாகக் கருதிய உறவு. அவள் மறுமணம் செய்யப் புகும்போது, அவள் விவாகரத்துப் பத்திரத்தைக் கண்டு முகஞ்சுளிக்கும் மாமியார் நம் தெருவில்தான் இருக்கின்றார்.